பிடித்த பழமரத்தை வீட்டிலேயே கன்றாக்குவது எப்படி? பதியன் முதல் ஒட்டு வரை

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா வீட்டுக் கொல்லையில் சிவப்புக் கொய்யா மரம் ஒன்று இருந்தது. பழம் கைக்கு அடக்கமாக இருக்கும். கொட்டை குறைவு. பிளந்தால் வாசனை திண்ணை வரை வரும். பிள்ளைகள் வீட்டை விரித்துக் கட்ட முடிவு செய்தபோது, அஸ்திவாரம் சரியாக அந்த மரத்தின் மேல் வந்தது. வேலை தொடங்க மூன்று மாதம் இருந்தது.

"தம்பி, நாலு பழத்தை எடுத்துக் கொட்டையைப் போட்டு வச்சா இதே மரம் வந்துராதா?" என்று பெரியம்மா கேட்டார். மரம் வரும், அதே பழம் வரும் என்று சொல்ல முடியாது. கொய்யாப் பூவுக்கு வேறு மரத்து மகரந்தமும் வந்து சேரும். விதையில் தாயும் உண்டு, பெயர் தெரியாத தந்தையும் உண்டு. பத்து விதை போட்டால் பத்து விதமாகக் காய்க்கலாம். அதே பழம்தான் வேண்டும் என்றால் அந்த மரத்தின் கிளையிலிருந்துதான் கன்று எடுக்க வேண்டும். அந்த மூன்று மாதத்தில் நான் செய்ததையும், அதற்கு முன்னும் பின்னும் கற்றுக்கொண்டதையும் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் தாய்மரம்

நீங்களே பழம் தின்று பார்த்த மரமாக இருக்கட்டும். ஒரு வருடம் மட்டும் பார்த்தால் போதாது. இரண்டு மூன்று பருவம் நன்றாகக் காய்த்த மரம் என்று வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். இலை வெளுத்த மரம், நுனிக்கிளை காய்ந்துகொண்டு வரும் மரம் வேண்டாம். எலுமிச்சை வகையில் இது மிக முக்கியம். சில நோய்கள் கிளையோடு சேர்ந்து கன்றுக்கும் வந்துவிடும், பிறகு எந்த மருந்தாலும் போகாது.

எந்த மரத்துக்கு எந்த முறை என்பதும் முன்கூட்டியே தெரிய வேண்டும். கொய்யா, மாதுளை, எலுமிச்சை மூன்றும் விண்பதியத்துக்கு, அதாவது மரத்தில் இருக்கும்போதே கிளையைச் சுற்றி ஈரநாரைக் கட்டும் முறைக்கு, நன்றாக வேர்விடும். மாதுளையும் அத்தியும் வெறும் குச்சியை நட்டாலே பிழைக்கும். மாவுக்கு ஒட்டுதான், அதாவது வேறொரு கன்றின் மேல் நம் மரத்துக் குச்சியைச் சேர்த்துக் கட்டுவது. முதன்முதலாகக் கையில் கத்தி எடுப்பவர்கள் கொய்யாவில் விண்பதியம் போட்டு ஆரம்பியுங்கள். தவறினாலும் ஒரு சிறு கிளைதான் போகும், மரத்துக்கு ஒன்றும் ஆகாது.

விண்பதியம்

தரையில் கிளையை வளைத்து மண்ணில் புதைப்பது நம் பாட்டிமார் மல்லிகைக்குச் செய்த பதியன். வளையாத உயரக் கிளைக்கு மண்ணையே மேலே கொண்டுபோய்க் கட்டினால் அது விண்பதியம். எங்கள் பக்கம் இரண்டையும் பதியன் என்றே சொல்வோம்.

தேவையானவை அதிகமில்லை: கூர்மையான கத்தி அல்லது புது பிளேடு, தென்னை நார்க்கழிவு இரண்டு கைப்பிடி, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாள், சணல் கயிறு, ஒரு பழைய துணி. வேர்விடும் ஹார்மோன் தூள் உரக்கடையில் கிடைக்கும். எலுமிச்சைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். கொய்யாவுக்கு அது இல்லாமலே எனக்கு வேர் வந்திருக்கிறது. தேன் தடவு, கற்றாழை தடவு என்று பலர் சொல்வார்கள். நானும் தடவிப் பார்த்தேன், தடவாத கிளைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மழைக்காலக் காற்றில் ஈரம் இருக்கும் மாதங்கள் நல்லவை. ஆடி கடைசியில் தொடங்கி ஐப்பசி வரை எனக்கு ஒத்து வந்திருக்கிறது. சித்திரை வெயிலில் போட்டால் நார் காய்ந்தே போகும்.

நார்க்கழிவை முதல்நாளே இரண்டு தண்ணீரில் அலசி ஊற வையுங்கள். அலசாத நாரில் உப்பு இருக்கும். மறுநாள் ஒரு கை அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிந்தால் பதம் சரி. தண்ணீர் ஒழுகினால் உள்ளே அழுகும். இன்னும் பிழிய வேண்டும்.

கிளை பென்சில் தடிமனிலிருந்து சுண்டுவிரல் தடிமனுக்குள் இருக்கட்டும். பச்சைக் கொழுந்தும் வேண்டாம், வெடித்த பட்டையோடு முற்றிய கட்டையும் வேண்டாம். பச்சை மாறிப் பழுப்பு ஏறத் தொடங்கிய, நேராக நிற்கிற கிளை. நுனியிலிருந்து ஒன்று முதல் ஒன்றரை அடி கீழே ஒரு கணுவைப் பார்த்து, அந்த இடத்தைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளிவிடுங்கள்.

இனி கத்தி வேலை. கணுவுக்குச் சற்றுக் கீழே கிளையைச் சுற்றிப் பட்டை மட்டும் அறுபடும்படி ஒரு கோடு. அதற்கு ஓர் அங்குலம் கீழே இன்னொரு கோடு. இரண்டையும் இணைத்து நெடுக்காக ஒரு கீறல். கத்தி முனையால் நெம்பினால் பட்டை வளையல் போலக் கழன்று வரும். உள்ளே வெள்ளைக் கட்டை தெரியும். அதன்மேல் விரலை வைத்தால் வழுக்கும். அந்த வழுவழுப்புதான் பட்டையை மறுபடி வளர்க்கிற படலம். அதைக் கத்தியின் முதுகால் சுரண்டி, துணியால் துடைத்து, விரல் வழுக்காத அளவுக்குக் காய்ந்த மாதிரி ஆக்குங்கள்.

நான் முதன்முதலில் தோற்றது இந்த இடத்தில்தான். வளையலை உரித்தேன், கிளையின் அடிப்பக்கம் நூல் அகலத்துக்குப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் காத்திருந்து பிரித்தால் ஒரு வேர் இல்லை. அந்த நூல் விரிந்து காயத்தையே மூடியிருந்தது. அதன் காரணம் புரிந்தால் நீங்கள் அந்தத் தவற்றைச் செய்ய மாட்டீர்கள். வேர் உறிஞ்சும் தண்ணீர் உள்கட்டை வழியாக மேலே போகிறது. அதனால் பட்டை உரித்த கிளை வாடுவதில்லை. இலை சமைக்கும் உணவு பட்டை வழியாகக் கீழே இறங்குகிறது. பட்டையை முழு வட்டமாக எடுத்துவிட்டால் அந்த உணவு மேல்வெட்டின் உதட்டில் வந்து தேங்கும். வேர் கிளம்புவது அந்த உதட்டிலிருந்துதான். நூலளவு பாதை விட்டுவைத்தாலும் உணவு அதன் வழியே இறங்கிவிடும். ஹார்மோன் தூள் வைப்பதாக இருந்தாலும் அந்த மேல் உதட்டில்தான் வைக்க வேண்டும்.

அடுத்தது கட்டு. பாலித்தீன் தாளின் கீழ்முனையை வெட்டுக்கு இரண்டு அங்குலம் கீழே சுற்றிக் கட்டுங்கள். இப்போது அது சுருக்குப்பை மாதிரி தொங்கும். உள்ளே நார்க்கழிவை வைத்து நன்றாக அழுத்துங்கள். காயம் நடுவில் இருக்க வேண்டும், எங்கும் காற்று இடைவெளி கூடாது. முழுதும் சேர்ந்து ஒரு பெரிய எலுமிச்சைக்கும் சாத்துக்குடிக்கும் நடுவிலான அளவு இருந்தால் போதும். மேல்முனையை இன்னும் இறுக்கமாகக் கட்டுங்கள், மழைத்தண்ணீர் கிளை வழியே வழிந்து உள்ளே இறங்கக் கூடாது. அதன்மேல் பழைய துணியைச் சுற்றுங்கள். வெயில் சூடும் உள்ளே போகாது, அணிலும் பாலித்தீனைக் கிழிக்காது.

சரி, இனி காத்திருப்பு. கொய்யாவுக்கு ஐந்திலிருந்து எட்டு வாரம் ஆகும். மாதுளையும் எலுமிச்சையும் கொஞ்சம் கூடுதலாகவும் கேட்கலாம். வாரம் ஒருமுறை துணியை மட்டும் விலக்கிப் பாருங்கள். கட்டைப் பிரிக்கவே வேண்டாம். தாள் உட்புறம் நீர்த்துளி படிந்திருந்தால் ஈரம் இருக்கிறது. நார் வெளுத்துக் காய்ந்ததாகத் தெரிந்தால் ஊசியில்லாத பழைய மருந்துச் சிரிஞ்சால் மேல்கட்டு வழியாக ஐந்து மில்லி தண்ணீர் விடலாம்.

ஒரு நாள் காலையில் தாளை ஒட்டி வெள்ளை நூல் ஒன்று ஓடியிருக்கும். பார்த்தவுடன் வெட்டத் தோன்றும். வெட்டாதீர்கள். வெள்ளை வேர் சோற்றுப் பருக்கை மாதிரி, தொட்டால் ஒடியும். அது பழுப்பேறி, கிளைத்து, உருண்டை முழுதும் வலை போலப் படர இன்னும் இரண்டு மூன்று வாரம் விடுங்கள்.

இறக்கி வைப்பது

புதியவர்களின் பதியன்களில் பாதிக்கு மேல் சாவது வேர்விட்ட பிறகுதான் என்பது என் அனுபவம். நேற்று வரை பெரிய மரத்தின் வேர் தண்ணீர் கொடுத்தது. இன்று ஒரு பிடி வேர் மட்டும். ஆகவே ஒரேயடியாகப் பிரிக்காமல், கட்டுக்குக் கீழே கிளையின் பாதி வரை ஒரு வெட்டு போட்டு, பத்து நாள் விடுங்கள். அப்புறம் மாலை நேரத்தில் முழுதாக வெட்டி இறக்குங்கள். இலைகளில் பாதியைக் கழித்துவிடுங்கள். பெரிய இலையைக் குறுக்கே பாதியாக நறுக்கினாலும் சரி. பூவோ பிஞ்சோ இருந்தால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளத்தான் வேண்டும்.

செம்மண், மணல், மக்கிய தொழுஉரம் மூன்றும் சம பங்கு கலந்த பை தயாராக இருக்கட்டும். பாலித்தீனை பிளேடால் கீறி எடுங்கள். நாரை உதறாமல் உருண்டையோடு அப்படியே வையுங்கள். ஒரு குச்சி ஊன்றித் தளர்வாகக் கட்டுங்கள். இந்தச் செடி ஆடினால் வேர் அறுந்துவிடும். மரத்தடி நிழலிலோ நிழல்வலைக்குக் கீழோ ஒரு மாதம். முதல் பத்து நாள் ஒரு பெரிய பாலித்தீன் பையைக் கவிழ்த்து வைத்தால் வாடாது. தினமும் கொஞ்ச நேரம் திறந்துவிடுங்கள். புதுத் துளிர் இரண்டு மூன்று அடுக்கு வந்த பிறகு காலை வெயில், அடுத்து முழு வெயில். நிலத்துக்குப் போக இரண்டு மூன்று மாதம் ஆகலாம்.

குச்சி நட்டே எடுக்கும் மரங்கள்

முருங்கைப் போத்து நட்டவர்களுக்கு இது புதிதில்லை. மாதுளையைக் கவாத்து செய்யும்போது, அதாவது கிளைகளை நறுக்கிவிடும்போது, விழும் குச்சிகளில் பென்சில் தடிமனுள்ள, முற்றிய துண்டுகளை எடுங்கள். ஒன்பது பத்து அங்குல நீளம், நாலைந்து கணு. அடிமுனையைக் கணுவுக்கு ஒட்டிக் கீழே சாய்வாகவும் மேல்முனையை நேராகவும் வெட்டுங்கள். எது தலை எது கால் என்று பிறகு குழம்பாமல் இருக்க இது உதவும். தலைகீழாக நட்ட குச்சி பிழைக்காது. மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகட்டும். நிழலில் வைத்து மண்ணை ஈரமாக, ஆனால் சேறாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துளிர் வந்ததும் வேர் வந்துவிட்டது என்று நம்பிப் பிடுங்கிப் பார்க்க வேண்டாம். குச்சியில் இருக்கும் சேமிப்பிலேயே முதல் துளிர் வரும். வேர் வர அதற்குமேல் சில வாரம் ஆகும். அத்திக்கும் இதே வழிதான்.

மா: ஒட்டுக் கட்டுவது

மாங்கிளையில் பதியன் போட்டால் வேர் வருவது அரிது. ஆகவே மாவுக்கு ஒரு நாட்டு மாங்கன்றின் காலை எடுத்து, நமக்குப் பிடித்த மரத்தின் தலையைச் சேர்க்கிறோம். காலாக நிற்பது வேர்ச்செடி, மேலே வைப்பது ஒட்டுக்குச்சி.

மாங்கொட்டையில் ஒரு அழகான விஷயம் உண்டு. சில வகைகளில் ஒரே கொட்டையிலிருந்து மூன்று நான்கு முளை கிளம்பும். அவற்றில் பெரும்பாலானவை தாயின் நகல், மகரந்தத்துக்கு அவற்றில் பங்கில்லை. வெள்ளைக்கொளம்பான் அப்படிப்பட்டது, வேர்ச்செடிக்கும் அதை விரும்பி எடுப்பார்கள். ஆனால் நாம் ஆசைப்படும் பங்கனபள்ளி, இமாம்பசந்த், மல்கோவா, நீலம், அல்போன்சா எல்லாம் ஒரு கொட்டைக்கு ஒரு முளைதான். அந்த முளை தாயைப் போல இருக்காது. இமாம்பசந்த் தின்றுவிட்டுக் கொட்டையை நட்டுப் பல வருடம் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குக் கிடைத்தது வேறொரு மாமரம்.

வீட்டில் செய்ய எளிதானது இளந்தண்டு ஒட்டு. பழம் தின்ற ஒன்றிரண்டு வாரத்துக்குள் கொட்டையை ஊன்றிவிட வேண்டும், மாங்கொட்டைக்கு ஆயுள் குறைவு. மேல் ஓட்டை ஓரத்தில் மெதுவாகப் பிளந்து உள்ளே இருக்கும் பருப்பை மட்டும், வளைந்த முதுகுப்பக்கம் மேலே தெரிய, ஈரமணலில் ஆழமில்லாமல் ஊன்றுங்கள். பருப்பில் வண்டு துளை இருந்தால் தள்ளிவிடுங்கள். முளை வெளியே வந்து பத்துப் பதினைந்து நாளில், தண்டு தளிராகவும் இலை செம்பு நிறமாகவும் இருக்கும்போதே ஒட்டுக் கட்ட வேண்டும்.

அதே நேரத்தில் தாய்மரத்தில் குச்சி தயாராக வேண்டும். மூன்று நான்கு மாத வயதுள்ள நுனிக்கிளையைத் தேர்ந்து, வெட்டுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே இலைகளை நறுக்கிவிட்டுக் காம்பை மட்டும் விட்டுவையுங்கள். சில நாளில் காம்புகள் தொட்டால் உதிரும், நுனிமொட்டு பருத்து நிற்கும். ஆனால் விரிந்திருக்காது. அதுதான் பதம். நாலைந்து அங்குல நீளத்தில் வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, அன்றே பயன்படுத்துங்கள்.

முளைக்கன்றின் தலையை மண்ணிலிருந்து மூன்று அங்குல உயரத்தில் வெட்டி, நடுவில் ஒன்றரை அங்குலம் நேராகப் பிளக்கவும். ஒட்டுக்குச்சியின் அடியை இருபுறமும் சீவி, அதே நீளத்துக்கு ஆப்பு போலச் செய்யவும். ஒரே இழுப்பில் சீவ வேண்டும். திரும்பத் திரும்பச் சீவினால் பரப்பு மேடு பள்ளமாகி ஒட்டாது. முருங்கைக் குச்சியில் இருபது முப்பது முறை சீவிப் பழகிவிட்டு மாவுக்கு வாருங்கள். ஆப்பைப் பிளவுக்குள் இறக்கி, ஒரு பக்கமாவது பட்டையும் பட்டையும் சரியாகச் சேரும்படி வையுங்கள். குச்சி மெலிந்திருந்தால் நடுவில் வைக்காமல் ஓரத்துக்குத் தள்ளுங்கள். விரல் அகலப் பாலித்தீன் நாடாவால் கீழிருந்து மேலாக இறுக்கிச் சுற்றுங்கள். பிறகு குச்சி ஐஸ் கவர் போன்ற நீளமான உறையைத் தலையில் மாட்டி ஒட்டுக்குக் கீழே கட்டுங்கள். நிழலில் வையுங்கள்.

மூன்று நான்கு வாரத்தில் மொட்டு விரியும். விரிந்ததும் உறையை மேகமூட்டமான நாளிலோ மாலையிலோ எடுங்கள். ஒட்டுக்குக் கீழே வரும் துளிர் எல்லாம் நாட்டுக்கன்றின் துளிர், பார்த்தபோதெல்லாம் கிள்ளிவிட வேண்டும். விட்டால் அது மேலே உள்ளதை அமுக்கிவிடும். ஒட்டு நன்றாகக் கூடிய பிறகு நாடாவை மறக்காமல் கீறிவிடுங்கள், இல்லையென்றால் தண்டு பருக்கும்போது அறுக்கும். முதல் வருடம் நான் பத்துக் கட்டினேன், மூன்று பிடித்தது. அடுத்த வருடம் ஆறு. ஆகவே ஒரு கன்று வேண்டும் என்றால் பத்துக் கட்டுங்கள்.

இவ்வளவு பொறுமை இல்லை என்றால் வாங்கலாம், தப்பில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூர் மா ஒட்டுக்கன்றுக்குப் பெயர் போன ஊர். எங்கே வாங்கினாலும் தண்டின் கீழ்ப்பகுதியில் ஒட்டுத் தழும்பைத் தேடிப் பாருங்கள். ஒரு முறை ஒரு கடையில் ஒட்டு என்று சொன்னதை நம்பி வாங்கிவந்தேன். தழும்பே இல்லாத கொட்டைக்கன்று அது. நாலு வருடம் கழித்துத்தான் கவனித்தேன்.

விதையும் பக்கக்கன்றும்

எல்லாவற்றுக்கும் கத்தி வேண்டாம். எலுமிச்சை விதையும் பெரும்பாலும் தாயைப் போலவே வரும், ஆனால் முள் அதிகம், காய்க்க நாளாகும். பதியன் சீக்கிரம் காய்க்கும். பப்பாளிக்கு விதைதான். நீளவடிவக் காய் காய்க்கும் இருபால் மரத்து (ஒரே பூவில் ஆண், பெண் பாகம் இரண்டும் உள்ள மரத்து) விதையில் காய்க்காத ஆண்மரத் தொல்லை பெரும்பாலும் வராது. உருண்டைக் காய் பெண்மரத்தினுடையது. விதையைச் சுற்றிய வழவழப்பான தோலைச் சாம்பலில் தேய்த்து எடுத்தால் சீக்கிரம் முளைக்கும். ரெட் லேடி போன்ற வீரிய ஒட்டு ரகத்தின் (இரண்டு ரகத்தைக் கலந்து எடுத்தது, கத்தியால் கட்டும் ஒட்டு இல்லை) விதையை எடுத்து வைக்காதீர்கள், அதே மாதிரி வராது. வாழையில் ஈட்டி போல ஒடுங்கிய இலையுள்ள பக்கக்கன்றை எடுங்கள். அகன்ற இலையோடு அழகாக நிற்கும் நீர்க்கன்று வலுவில்லாதது. பலாக்கொட்டையைக் காயவிடாமல் உடனே போட வேண்டும். ஆனால் சுளை எப்படி இருக்கும் என்பது காய்த்த பிறகே தெரியும்.

நிலத்தில் வைக்கும்போது

பதியன் கன்றுக்கு ஆணிவேர் கிடையாது. இரண்டடிக்கு இரண்டடி குழி, தொழுஉரம் கலந்த மேல்மண், ஒரு வலுவான ஊன்றுகோல். முதல் வருடப் பூக்களை உதிர்த்துவிடுங்கள். காற்று பலமாக அடிக்கும் இடமென்றால் ஊன்றுகோல் இரண்டு வருடமாவது இருக்கட்டும். ஒட்டு மாங்கன்றுக்கு ஒட்டுத் தழும்பு மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். புதைந்தால் அழுகல் வரலாம்.

பெரியம்மா மரத்தில் நான் ஏழு பதியன் போட்டேன். ஐந்து வேர்விட்டது, இறக்கி வைத்ததில் ஒன்று வாடியது. மரம் வெட்டிய அன்று நாலு பையும் எங்கள் வீட்டு வேப்பமர நிழலில் இருந்தன. ஒவ்வொன்றிலும் மரத்தின் பெயரையும் இறக்கிய தேதியையும் பழைய தகரத்துண்டில் ஆணியால் கீறிக் கட்டியிருந்தேன். பேனா மை இரண்டு மழைக்குத் தாங்காது. புது வீடு முடிந்ததும் மொட்டை மாடியில் இருநூறு லிட்டர் நீல டிரம்மைப் பாதியாக வெட்டி, அடியில் ஆறேழு துளை போட்டு, ஒன்றை அதில் வைத்தோம். இடுப்புயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினோம். மூன்று பக்கமும் கிளை பிரிந்தது. போன தை மாதம் அதில் நாலு காய் நின்றது. முதல் பழத்தைப் பெரியம்மா பாதியாகப் பிளந்து, ஒரு பாதியை என்னிடம் நீட்டினார். உள்ளே சிவப்பாகத்தான் இருந்தது.